இரும்பு நீளவில்லை, செயின் நீண்டது எப்படி?

2010-ஆம் ஆண்டு, ஜூலை 19. பிரான்ஸ் நாட்டின் பிரனீஸ் மலையில் ‘டூர் தெ பிரான்ஸ்’ சைக்கிள் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. மூன்று வாரம் நீளும் பந்தயம் அது. அன்று 15-வது கட்டம். முதலிடத்தில் இருப்பவருக்கு உரிய மஞ்சள் சட்டையைப் போட்டிருந்தவர் லக்சம்பர்க் வீரர் ஆண்டி ஷ்லெக். அவருக்கு 31 வினாடி பின்னால் ஸ்பெயின் வீரர் ஆல்பெர்ட்டோ கொண்டடோர். ‘போர் தெ பாலெஸ்’ என்ற செங்குத்தான ஏற்றத்தில் ஷ்லெக் வேகம் எடுத்து முன்னேறப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து அவருடைய செயின் கழன்றுவிட்டது!

இறங்கி, செயினை மாட்டி, மறுபடி ஏறி மிதிப்பதற்குள் கொண்டடோர் அவரைத் தாண்டி முன்னால் போய்விட்டார். அன்று ஷ்லெக்குக்குப் போனது 39 வினாடி. பந்தயம் பாரிஸில் முடிந்தபோது கொண்டடோர் அவரை எவ்வளவு வித்தியாசத்தில் முந்தினார் தெரியுமா? அதே 39 வினாடி! பிறகு ஊக்கமருந்து வழக்கில் கொண்டடோரின் பட்டத்தைப் பறித்து 2012-இல் ஷ்லெக்கிடம் கொடுத்தார்கள். அது வேறு கதை.

மிக விலை உயர்ந்த சைக்கிள், கூடவே காரில் வரும் மெக்கானிக்குகள். அவர்களுக்கே இந்தக் கதி என்றால், நம் சைக்கிளைப் பற்றிக் கேட்கவா வேண்டும்! பள்ளி மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதுதான் நமக்கும் செயின் கழலும். கையெல்லாம் கறுப்பு மை, வெள்ளைச் சட்டையிலும் ஒரு தீற்றல்.

செயின் ஏன் கழல்கிறது? ‘லூசாயிடுச்சு’ என்பார் கடைக்காரர். ஏன் லூசாகிறது? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

ஒரு செயினில் எத்தனை துண்டு?

சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்கள். பெடல் சுற்றக் கூடாது. இப்போது செயினின் அருகில் உட்கார்ந்து உற்றுப் பாருங்கள்.

‘8’ வடிவத் தகடுகள் வரிசையாகத் தெரியும். ஒரு ஜோடி வெளியே, அடுத்த ஜோடி உள்ளே என்று மாறி மாறி வரும். தகடுகளைக் கோத்துப் பிடித்திருப்பது ஒரு சிறிய ஆணி. இதை ‘பின்’ என்பார்கள். பின்னைச் சுற்றி ஒரு குட்டிக் குழாய். அதன் பெயர் புஷ். புஷ்ஷைச் சுற்றி இன்னொரு வளையம். அதுதான் உருளை, அதாவது ரோலர். வெளியில் நிற்கும் நமக்குத் தெரிவது தகடும் ரோலரும் மட்டுமே. பின்னும் புஷ்ஷும் உள்ளே மறைந்திருக்கின்றன. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதையில் திருட்டு நடப்பது அந்த மறைவான இடத்தில்தான்.

வெளித்தகடுகளில் பின் அசையாமல் இறுகி இருக்கும். உள்தகடுகளில் புஷ் அசையாமல் இறுகி இருக்கும். பின், புஷ்ஷுக்குள் திரும்பும். அதனால்தான் செயின் வளைகிறது. ரோலரோ புஷ்ஷின் மேல் தாராளமாகச் சுழலும். பல்சக்கரத்தின் இரண்டு பற்களுக்கு நடுவே போய் உட்காருவது இந்த ரோலர்தான்.

ஒரு பின்னின் நடுப்புள்ளியிலிருந்து அடுத்த பின்னின் நடுப்புள்ளி வரை அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். இதை ஒரு கண்ணி என்று வைத்துக்கொள்வோம். உலகத்தில் இன்று ஓடும் சைக்கிள் செயின்களில் அநேகமாக எல்லாவற்றுக்கும் இதே அளவுதான். நம் ஊர் சைக்கிளோ ஷ்லெக் ஓட்டிய சைக்கிளோ, அகலம் மாறலாம். இந்த அரை அங்குலம் மாறாது.

கண்ணிக்கு இரண்டு தகடு, ஒரு பின், ஒரு புஷ், ஒரு ரோலர். மொத்தம் ஐந்து துண்டு. 112 கண்ணி உள்ள செயின் என்றால் 560 துண்டு! உங்கள் சைக்கிளிலேயே அதிகமான பாகங்கள் உள்ள பொருள் செயின்தான்.

புஷ் எதற்கு?

இந்த வகை செயினுக்கு 1880-இல் காப்புரிமை வாங்கியவர் ஹான்ஸ் ரெனால்ட். சுவிட்சர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தின் மான்செஸ்டரில் தொழில் நடத்தியவர். அதற்கு முன்பும் செயின் உண்டு. ஆனால் அவற்றில் பின், தகட்டின் மெல்லிய விளிம்பிலேயே நேராக உராய்ந்தது. விளிம்பு மெல்லியது என்பதால் சீக்கிரம் தேய்ந்தது.

அழுத்தம் = விசை ÷ பரப்பு என்று பள்ளியில் படிக்கிறோம் அல்லவா? அதைத்தான் ரெனால்ட் பயன்படுத்தினார். மெல்லிய விளிம்புக்குப் பதிலாக நீளமான குழாய் ஒன்றை உள்ளே வைத்தார். விசை அதேதான். அதைத் தாங்கும் பரப்பு அதிகமானது, அழுத்தம் குறைந்தது, தேய்மானமும் குறைந்தது. வெளியே சுழலும் ரோலர் இருப்பதால் பல்சக்கரத்தின் பற்களும் தப்பித்தன.

அடுத்த ஐந்தே ஆண்டுகளில், 1885-இல், இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி ‘ரோவர்’ என்ற சைக்கிளைக் கொண்டுவந்தார். செயின் மூலம் பின் சக்கரத்தைச் சுற்றும் சைக்கிள் அது. அதற்கு முன் பிரபலமாக இருந்த சைக்கிள்களில் பெடல் முன் சக்கரத்திலேயே இருந்தது. ஒரு மிதிக்குச் சக்கரம் ஒரு சுற்றுதான். வேகமாகப் போக வேண்டுமானால் சக்கரத்தைப் பெரிதாக்க வேண்டும். அதனால் ஆள் உயரத்துக்கு முன் சக்கரம்! ஏறுவதும் கஷ்டம், ஒரு கல் தட்டினால் தலைகுப்புற விழுவது நிச்சயம்.

செயின் வந்ததும் சக்கரம் சிறியதானது. எப்படி? முன்னால் செயின் வீலில் 44 பல், பின்னால் ஃப்ரீவீலில் 18 பல் என்று வைத்துக்கொள்வோம். பெடல் ஒரு சுற்று சுற்றினால் 44 கண்ணிகள் நகரும். 44-ஐ 18-ஆல் வகுத்தால் 2.44. அதாவது, நீங்கள் ஒரு முறை மிதித்தால் பின் சக்கரம் கிட்டத்தட்ட இரண்டரை முறை சுற்றும். 28 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.2 மீட்டர். எனவே ஒரு சுற்று மிதிக்கு சுமார் 5.4 மீட்டர் தூரம்! உங்கள் சைக்கிளில் எத்தனை பல் என்று எண்ணி இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

வானத்தில் ஓடிய சைக்கிள் செயின்

1903 டிசம்பர் 17 அன்று அமெரிக்காவின் கிட்டி ஹாக் பகுதியில் ரைட் சகோதரர்களின் விமானம் முதன்முதலாகப் பறந்தது. 12 வினாடி, 120 அடி. அந்த விமானத்தின் ஒரே எஞ்சினிலிருந்து இரண்டு காற்றாடிகளுக்கும் விசை போனது செயின் வழியாகத்தான். இருக்காதா பின்னே? ரைட் சகோதரர்கள் டேட்டன் நகரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள்!

இரண்டு காற்றாடியும் எதிர் எதிர்த் திசையில் சுழன்றால்தான் விமானம் ஒரு பக்கமாகச் சாயாது. அதற்கு அவர்கள் செய்த வேலை எளிமையானது: ஒரு செயினை மட்டும் எட்டு போல் குறுக்காக மாட்டினார்கள். திசை தானாக மாறிவிட்டது.

ஆனால் பறப்பதற்கு முன் சோதனைகளில் ஒரு தொல்லை. எஞ்சின் உதறிய உதறலில் காற்றாடித் தண்டுகளின் பல்சக்கரங்கள் திரும்பத் திரும்பத் தளர்ந்தன. எவ்வளவு முடுக்கினாலும் நட்டு நிற்கவில்லை. கடைசியில் சைக்கிள் டயரை ரிம்மில் ஒட்டும் பசையை உருக்கி மரைகளில் ஊற்றி இறுக்கினார்கள். பல்சக்கரம் அசையாமல் நின்றது. அதற்குப் பிறகு தண்டில் விரிசல் கண்டது. ஆர்வில் ரைட் ஊருக்குப் போய்ப் புதுத் தண்டு செய்து கொண்டுவந்தார். இவ்வளவுக்கும் பிறகுதான் அந்த 12 வினாடி. தளர்ந்த ஒரு நட்டைக்கூட ‘பரவாயில்லை’ என்று விட்டுவிட்டுப் பறக்க அவர்கள் தயாராக இல்லை.

செயின் படும் பாடு

பெடலில் ஏறி நின்று மிதிக்கிறீர்கள். உங்கள் எடை 40 கிலோ. செயினை இழுப்பதும் 40 கிலோதானா? இல்லை, அதைவிட அதிகம்.

பெடல் பொருத்திய கிராங்க்கின் நீளம் சுமார் 17 சென்டிமீட்டர். செயின் வீலின் ஆரம் சுமார் 9 சென்டிமீட்டர். இது ஒரு நெம்புகோல். 17-ஐ 9-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.9. கிராங்க் தரைக்குப் படுக்கையாக இருக்கும் நேரத்தில் உங்கள் முழு எடையும் பெடலில் இறங்கினால், செயினின் மேல் பக்கத்தில் 76 கிலோ எடையைத் தொங்கவிட்டது போன்ற இழுவிசை இருக்கும். பின்னால் கேரியரில் தங்கை உட்கார்ந்திருந்து, முன்னால் மேட்டு ரோடு வந்தால் மிதி இன்னும் பலமாக விழும்.

அந்த இழுவையோடு செயின் வளையவும் வேண்டும். செயின் வீலில் ஏறும்போது ஒவ்வொரு இணைப்பும் ஒரு முறை வளைகிறது. இறங்கும்போது ஒரு முறை நிமிர்கிறது. ஃப்ரீவீலிலும் அதேபோல் ஒரு வளைவு, ஒரு நிமிர்வு. செயினின் ஒரு முழுச் சுற்றுக்கு நான்கு அசைவு.

உங்கள் பள்ளி 3 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது, வழி முழுக்க மிதித்தே போகிறீர்கள் என்றால், சுமார் 550 முறை பெடல் சுற்ற வேண்டும். 550 × 44 × 4 = 96,800. வீட்டிலிருந்து பள்ளிக்குப் போய்ச் சேர்வதற்குள் உங்கள் செயினுக்குள் ஏறக்குறைய ஒரு லட்சம் அசைவுகள்! ஒவ்வொரு அசைவிலும் ஒரு பின் ஒரு புஷ்ஷுக்குள் உராய்ந்து திரும்புகிறது.

கூட்டல் கணக்குதான் குற்றவாளி

இப்போது நம் கேள்விக்கு வருவோம். பழைய செயினைப் புதுச் செயினோடு சேர்த்துத் தொங்கவிட்டால், பழையது நீளமாக இருக்கும். இதைப் பார்த்துவிட்டு, ‘இழுத்து இழுத்து இரும்பு நீண்டுவிட்டது’ என்று பலர் நினைக்கிறார்கள். தகடுகள் நீளவே இல்லை. ஒவ்வொரு தகட்டையும் தனியாகக் கழற்றி அளந்தால் பழைய அளவே இருக்கும்.

நீண்டது எது? ஓட்டை! பின் கொஞ்சம் தேய்ந்து மெலிகிறது. புஷ்ஷின் உட்சுவர் கொஞ்சம் தேய்ந்து அகலமாகிறது. இரண்டுக்கும் நடுவில் இடைவெளி உண்டாகிறது. இழுக்கும்போது அந்த இடைவெளி அளவுக்குப் பின் தள்ளிப்போய் நிற்கிறது. காலை வழிபாட்டில் நூறு பிள்ளைகள் வரிசையாக நிற்கிறீர்கள். ஒவ்வொருவரும் ஒரு விரற்கடை மட்டும் தள்ளி நின்றால் வரிசை எவ்வளவு நீளும்? யாரும் வளரவில்லை, வரிசை மட்டும் வளர்ந்துவிட்டது. செயினில் நடப்பதும் இதுதான்.

கணக்குப் போடுவோம். ஒரு கண்ணி 12.7 மில்லிமீட்டர். அதில் 100-இல் ஒரு பங்கு, அதாவது 0.127 மில்லிமீட்டர் இடைவெளி கூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றிரண்டு தலைமுடி கனம்தான். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் இதை 112-ஆல் பெருக்குங்கள். 14.2 மில்லிமீட்டர்! அதாவது ஒரு முழுக் கண்ணியைவிட அதிகம். மொத்தச் செயினில் யாரோ ஒரு கண்ணியைக் கூடுதலாகச் சேர்த்துவிட்டது போல் ஆகிவிட்டது.

அந்த அதிகப்படி நீளம் எங்கே போகும்? கீழ்ப்பக்கம் தொய்ந்து தொங்கும். பள்ளத்தில் இறங்கும்போது ஊஞ்சல் ஆடும். ஆடுகிற செயின் பல்லின் நுனியில் ஏறி உட்கார்ந்தால், அடுத்த மிதியில் வெளியே குதித்துவிடும். பின் சக்கரம் கொஞ்சம் கோணலாக மாட்டப்பட்டிருந்தாலோ, சைக்கிள் கீழே விழுந்து செயின் வீல் கோட்டமாகியிருந்தாலோ, இன்னும் சுலபமாகக் கழலும்.

ஒன்று கெட்டால் மூன்று கெடும்

நீண்ட செயினால் வரும் நஷ்டம் கழல்வதோடு நிற்பதில்லை. பல்சக்கரத்தின் பற்கள் அரை அங்குல இடைவெளிக்கு வெட்டப்பட்டவை. செயினின் கண்ணியோ அரை அங்குலத்தைத் தாண்டிவிட்டது. இரண்டுக்கும் பொருந்தவில்லை. புதுச் செயினாக இருந்தபோது பல பற்கள் பகிர்ந்து தாங்கிய இழுவிசையை இப்போது ஓரிரு பற்களே தாங்க வேண்டியிருக்கிறது. ரோலர், பல்லின் அடியில் உட்காராமல் மேலே ஏறி நுனியைத் தள்ளுகிறது. பல் ஒரு பக்கமாகத் தேய்ந்து சுறாமீனின் முதுகுத் துடுப்பு வடிவத்துக்கு வந்துவிடும்.

இந்த நிலையில் செயினை மட்டும் மாற்றினால் என்ன ஆகும்? புதுச் செயின் சரியான அளவில் இருக்கும், பற்கள் பழைய செயினுக்கு ஏற்றபடி தேய்ந்திருக்கும். அழுத்தி மிதித்தால் ‘கடக்’ என்று பல் தாண்டிக் குதிக்கும். மேட்டில் ஏறி நின்று மிதிக்கும்போது இப்படிக் குதித்தால் கால் வழுக்கி விழுந்து அடிபட வேண்டியதுதான். அப்புறம் செயினோடு ஃப்ரீவீலையும் செயின் வீலையும் சேர்த்து மாற்ற வேண்டும். நேரத்தில் செயினை மாற்றியிருந்தால் மற்ற இரண்டும் பிழைத்திருக்கும்.

எண்ணெய் விடுவதிலும் ஒரு சூட்சுமம்

‘செயின் சத்தம் போடுகிறதா? கொஞ்சம் எண்ணெய் விடு’ என்பார்கள். சரிதான். ஆனால் எங்கே விடுகிறோம், எப்படி விடுகிறோம் என்பது முக்கியம்.

1999-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஸ்பைசர் என்ற பொறியியல் பேராசிரியரும் அவருடைய குழுவினரும் சைக்கிள் செயினைச் சோதித்தார்கள். உராய்வில் வீணாகும் ஆற்றல் வெப்பமாகத்தானே மாறும்? எனவே ஓடும் செயினை அகச்சிவப்புக் கேமராவால் படம் எடுத்து, எங்கே சூடாகிறது என்று பார்த்தார்கள். மிக நல்ல நிலையில் செயினின் செயல்திறன் 98.6 சதவீதம். நூறு பங்கு உழைப்பைக் கொடுத்தால் ஒன்றரைப் பங்குகூட வீணாவதில்லை! மனிதன் செய்த இயந்திரங்களில் இவ்வளவு சிக்கனமானவை குறைவு.

பெரிய பல்சக்கரம் இருந்தால் வீணாவது குறைவு என்பதும் தெரிந்தது. 44 பல் சக்கரத்தில் ஏறும்போது ஒவ்வொரு இணைப்பும் சுமார் 8 டிகிரிதான் வளைகிறது. 18 பல் சக்கரத்தில் 20 டிகிரி வளைகிறது. வளைவு குறைந்தால் உராய்வும் குறையும் அல்லவா?

இன்னொரு முடிவுதான் ஆச்சரியம். சுத்தமான ஆய்வகத்தில், எந்த எண்ணெயை விட்டாலும் செயல்திறனில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அப்படியானால் எண்ணெய் எதற்கு? பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் உள்ள இடத்தை எண்ணெய் அடைத்துக்கொண்டால் தூசிக்கு அங்கே இடம் இருக்காது! ஆய்வகத்தில் புழுதி இல்லை. நம் தெருவில் உண்டு. மழையும் உண்டு, கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றும் உண்டு. எண்ணெய்ப் படலம் துருவையும் தடுக்கிறது.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். செயினின் வெளிப்பக்கம் முழுக்க எண்ணெயைக் கொட்டுகிறார்கள். வெளியே இருக்கும் எண்ணெயால் செயினுக்குப் பயன் இல்லை. அது புழுதியை இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும். மணலில் இருக்கும் குவார்ட்ஸ் துகள், சாதாரண இரும்பைக் கீறக்கூடிய அளவுக்குக் கடினமானது. எண்ணெயும் மணலும் கலந்தால் அது அரைக்கும் பசை! பட்டறைகளில் இரும்பைத் தேய்த்து மெருகேற்ற இப்படிப்பட்ட பசையைத்தான் பயன்படுத்துவார்கள். அதையே நாம் செயினுக்குப் பூசிவிட்டு, ‘எண்ணெய் விட்டேனே, ஏன் தேய்ந்தது?’ என்று கேட்கிறோம். உங்கள் கையில் ஒட்டும் அந்தக் கறுப்பு மை இருக்கிறதே, அது எண்ணெயும் புழுதியும் தேய்ந்த இரும்புத் தூளும் சேர்ந்த கலவை.

அந்தக் காலத்துச் சைக்கிள்களில் செயினை முழுக்க மூடும் தகரக் கவர் இருக்கும். வேட்டியும் சேலையும் சிக்காமல் இருக்க மட்டும் அல்ல, மண்ணும் மழையும் செயினைத் தொடாமல் இருக்கவும் அது உதவியது.

நாமே செய்யலாம், வாருங்கள்

பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் விதி: ஒருவர் பெடலைச் சுற்றும்போது இன்னொருவர் செயினில் கை வைக்கவே கூடாது. செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவில் விரல் மாட்டினால் பெரிய காயம் ஏற்படும்.

*துடைப்பது:* பழைய பருத்தித் துணியால் செயினின் கீழ்ப்பக்கத்தைத் துடையுங்கள். துணியை எடுத்துவிட்டுப் பெடலைப் பின்பக்கமாகக் கொஞ்சம் சுற்றி, நிறுத்தி, அடுத்த பகுதியைத் துடையுங்கள். இடுக்கில் இருக்கும் மண்ணைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கலாம். மண்ணெண்ணெய் போட்டுக் கழுவ வேண்டிய அளவுக்கு அழுக்கு இருந்தால், அந்த வேலையைப் பெரியவர்களிடம் விட்டுவிடுங்கள். பக்கத்தில் நெருப்பு இருக்கக் கூடாது.

*எண்ணெய் விடுவது:* செயின் நன்றாகக் காய்ந்த பிறகு, ஒவ்வொரு ரோலரின் மேலும் ஒரே ஒரு சொட்டு. தகட்டுக்கும் ரோலருக்கும் நடுவில் உள்ள மெல்லிய இடுக்கு, எண்ணெயைத் தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும். இதுதான் நுண்புழைத்தன்மை. திரியில் எண்ணெய் ஏறுவதும் இதே விதியால்தான். சைக்கிள் கடையில் கிடைக்கும் செயின் எண்ணெய் நல்லது. தையல் மிஷின் எண்ணெய் உள்ளே போகும், ஆனால் சீக்கிரம் வற்றிவிடும். கெட்டியான கிரீஸ் உள்ளே போகாமல் வெளியிலேயே நின்று மண்ணைப் பிடிக்கும். சமையல் எண்ணெய் நாளாக ஆகப் பிசுபிசுத்துப் போகும்.

*மறுபடி துடைப்பது:* பலரும் விட்டுவிடுவது இதைத்தான். பெடலைப் பின்பக்கமாகப் பல முறை சுற்றி, கால் மணி நேரம் விட்டு, வெளியில் இருக்கும் எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் உள்ளே இருக்கட்டும், வெளியே வேண்டாம். தொட்டுப் பார்த்தால் விரலில் லேசாகப் பளபளப்பு மட்டும் ஒட்ட வேண்டும்.

*தொய்வு பார்ப்பது:* கீழ்ப்பக்கச் செயினின் நடுப்பகுதியை ஒரு குச்சியால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். அரை அங்குலம் ஆடினால் சரி. பெடலை வேறு வேறு நிலையில் நிறுத்திப் பாருங்கள், சில இடத்தில் இறுக்கமாகவும் சில இடத்தில் தளர்வாகவும் இருக்கும். மிக இறுக்கமான இடத்திலும் கொஞ்சம் ஆட்டம் இருக்க வேண்டும். செயின் விறைப்பாக இருந்தால் மிதிக்கக் கனக்கும், அச்சுகளில் உள்ள பால்ரஸ் குண்டுகளும் தேயும். தொய்வு அதிகம் என்றால் கடைக்காரர் பின் சக்கர நட்டுகளைத் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னால் இழுத்து நேராக வைத்து இறுக்கித் தருவார். அப்படி இழுத்துக் கட்டினால் தொய்வு போகும், தேய்மானம் போகாது. திரும்பத் திரும்ப இழுக்க வேண்டிவந்தால் செயினையே மாற்றும் காலம் வந்துவிட்டது.

*லாக்கைப் பார்ப்பது:* பல செயின்களின் இரண்டு முனையையும் இணைப்பது ‘செயின் லாக்’. அதில் மீன் வடிவத்தில் ஒரு கிளிப் இருக்கும். ஒரு முனை மூடியிருக்கும், மறுமுனை பிளந்திருக்கும். செயின் ஓடும் திசையில் மூடிய முனைதான் முன்னால் போக வேண்டும். மாறி இருந்தால், ஏதாவது இடிக்கும்போது பிளந்த முனை வழியாகக் கிளிப் கழன்று செயின் பிரிந்துவிடும். புதுச் செயின் பல நூறு கிலோ இழுவையைத் தாங்கக்கூடியது. நடுவழியில் ‘செயின் கட்’ ஆகிவிட்டது என்றால், பெரும்பாலும் இப்படி ஒரு லாக்கோ, சரியாக அடிக்காத ஒரு பின்னோ, துருவேறி விரிசல் விட்ட ஒரு தகடோதான் காரணமாக இருக்கும்.

கியர் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் ஒன்று: கியர் மாற்றும்போது அழுத்தி மிதிக்காதீர்கள். ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் நேரத்தில் முழு பலத்தையும் கொடுத்தால் செயின் கழலும், சில நேரம் அறுந்தே போகும். மேடு வருவதற்கு முன்பே கியரை மாற்றிவிடுவது புத்திசாலித்தனம்.

வழியில் கழன்றால்?

ஓரமாக நிறுத்துங்கள். ஸ்டாண்டு போடுங்கள். பின்னால் ஃப்ரீவீலில் செயின் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கே முதலில் மாட்டுங்கள். பிறகு ஒரு குச்சியால் செயினைத் தூக்கி, செயின் வீலின் அடிப்பக்கப் பற்களில் மாட்டுங்கள். குச்சியையும் கையையும் எடுத்துவிடுங்கள். இப்போது பெடலை மெதுவாகப் பின்பக்கமாகச் சுற்றினால் செயின் தானாக ஏறி உட்காரும். ஒரு முறை கழன்றால் தற்செயல் என்று விடலாம். அடிக்கடி கழன்றால் காரணம் இருக்கிறது என்று அர்த்தம்.

சத்தத்தை வைத்தே பாதி காரணத்தைக் கண்டுபிடிக்கலாம். ‘கிறீச் கிறீச்’ என்றால் எண்ணெய் வற்றிவிட்டது. ‘நறநற’ என்றால் மண் புகுந்துவிட்டது. செயினின் முழுச் சுற்றுக்கு ஒரு முறை ‘டக்’ என்றால் ஏதோ ஒரு கண்ணி துருப்பிடித்து மடங்காமல் இருக்கிறது. ‘தடதட’ என்று கவரில் இடித்தால் செயின் தொய்ந்துவிட்டது.

உங்களுக்கு ஒரு அளவை வேலை

அங்குலம் குறித்த 12 அங்குல ஸ்கேல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். செயினின் மேல்பக்கம் விறைப்பாக நிற்கும்படி ஒருவர் பெடலை லேசாக அழுத்திப் பிடிக்கட்டும். பின் பிரேக்கையும் பிடித்திருக்கட்டும், சக்கரம் நகரக் கூடாது. ஸ்கேலின் பூஜ்யத்தை ஒரு பின்னின் நடுவில் வையுங்கள். அங்கிருந்து 24 கண்ணி எண்ணுங்கள். புதுச் செயின் என்றால் 24-வது பின்னின் நடுப்புள்ளி சரியாக 12 அங்குலத்தில் நிற்கும்.

அங்கிருந்து 1/16 அங்குலம் தள்ளி நின்றால் செயின் சுமார் அரை சதவீதம் தேய்ந்திருக்கிறது. புதுச் செயினுக்கு இப்போதே வீட்டில் சொல்லிவையுங்கள். 1/8 அங்குலம் தள்ளி நின்றால் ஒரு சதவீதத்தைத் தாண்டிவிட்டது. செயினை மாற்றியே ஆக வேண்டும். பற்களையும் கடைக்காரரிடம் காட்டிச் சோதிக்க வேண்டும்.

உங்கள் சைக்கிள், அப்பாவின் சைக்கிள், பிளஸ் ஒன் படிக்கும் அக்காவுக்குப் பள்ளியில் கொடுத்த சைக்கிள், பக்கத்து வீட்டுப் பால்காரரின் சைக்கிள் என்று எல்லாவற்றையும் அளந்து ஒரு அட்டவணை போடுங்கள். யாருடைய சைக்கிள், எத்தனை வருடம் ஓடியது, செயின் கவர் உண்டா, கடைசியாக எப்போது துடைத்து எண்ணெய் விட்டார்கள், 24 கண்ணியின் நீளம் எவ்வளவு என்று ஐந்து பத்தி போதும். வயதான சைக்கிளின் செயின்தான் அதிகம் தேய்ந்திருக்கிறதா, பராமரிக்காத சைக்கிளின் செயினா? விடையை உங்கள் அட்டவணையே சொல்லும். 1/16-ஐத் தாண்டியவர்களிடம் மட்டும் அந்த அட்டவணையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.